பல் செட் செய்யும் தொழிலுக்கு வர விரும்பும் மலைப் பகுதி மாணவர்களுக்கு: படிப்பு, சான்றிதழ், பதிவு, செலவு

கோத்தகிரியில் ஒரு சிறிய டென்டல் லேபில் நான் வேலை செய்கிறேன். பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் மாதங்களில், தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்து, இந்த வேலைக்கு எங்கே படிப்பது, எவ்வளவு ஆகும், அரசு அங்கீகாரம் உண்டா என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. நான் படிக்கப் போன காலத்தில் இதைச் சொல்ல மலையில் ஒருவரும் இல்லை. ஒவ்வொரு தாளுக்கும் ஒவ்வொரு அலுவலகமாக அலைந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக, செய்ய வேண்டிய வரிசையிலேயே எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். நீலகிரிக்காரர்கள் கோயம்புத்தூரை நம்பியிருப்பதுபோல் கொடைக்கானல் பக்கத்தினர் மதுரையை நம்பியிருக்கிறார்கள். ஊர்ப் பெயரை மாற்றிக்கொண்டால் மற்றவை அவர்களுக்கும் பொருந்தும்.

1. செய்யப் போகிறீர்களா, பொருத்தப் போகிறீர்களா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

செயற்கைப் பல் தொழில் என்று வெளியிலிருந்து ஒன்றாகத் தெரிவது, சட்டப்படி இரண்டு தொழில்கள். நோயாளியின் வாயைப் பார்ப்பது, பல்லைத் தேய்ப்பது, அளவு எடுப்பது (பல், ஈறு ஆகியவற்றின் அச்சைப் பதிப்பது), செய்து வந்த பல் செட்டையோ கேப்பையோ (பல்லின் மேல் மாட்டும் உறை) வாயில் பொருத்துவது ஆகிய அனைத்தும் பதிவு பெற்ற பல் மருத்துவரின் வேலை. அந்த அளவை வைத்து மாவு (நீரில் கலந்தால் இறுகும் பிளாஸ்டர்) ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, அக்ரிலிக்கிலோ உலோகத்திலோ செராமிக்கிலோ பொருளைச் செய்து கொடுப்பதும், உடைந்து வந்ததைச் சரிசெய்வதும் டெக்னீஷியனின் வேலை. 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டம் இவரை டென்டல் மெக்கானிக் என்று குறிப்பிடுகிறது. கல்லூரி விளம்பரங்களில் டென்டல் டெக்னீஷியன் என்றும் இருக்கும்.

பொருத்துகிறவராக வேண்டுமானால் நீட் எழுதி, பல் மருத்துவப் பட்டப்படிப்பான பி.டி.எஸ். படிக்க வேண்டும். பயிற்சி ஆண்டையும் சேர்த்து அது 5 ஆண்டு. செயற்கைப் பல்லில் மட்டும் சிறப்பு நிபுணராக விரும்புகிறவர் அதற்கு மேல் ப்ராஸ்தோடான்டிக்ஸ் பிரிவில் எம்.டி.எஸ். 3 ஆண்டு படிக்க வேண்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உள்ளது. அது எம்.பி.பி.எஸ். இடங்களுக்கு மட்டும் என்று பல பெற்றோர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பி.டி.எஸ். இடங்களுக்கும் அது உண்டு. அந்த ஒதுக்கீட்டில் சேர்கிறவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. எனவே நீட் எழுதக்கூடிய பிள்ளையாக இருந்தால் முயன்று பாருங்கள்.

செய்கிறவராக வேண்டுமானால் டென்டல் மெக்கானிக் டிப்ளமோ. அது 2 ஆண்டுப் படிப்பு. இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. டிப்ளமோ முடித்தவர் தாமே நாற்காலி போட்டு, அளவு எடுத்து, பல் செட் மாட்டிவிடுவதைச் சந்தைக் கடைகளிலும் நெடுஞ்சாலை ஊர்களிலும் பார்த்திருப்பீர்கள். அது சட்டப்படி குற்றம். வாய்க்குள் சரியாக உட்காராத செட் ஈறைத் தொடர்ந்து உரசிப் புண்ணாக்கும். அந்தப் புண் வெறும் உரசலால் வந்ததா, வேறு நோயா என்று பார்த்துச் சொல்லும் பயிற்சி நமக்குக் கிடையாது. வெற்றிலையும் புகையிலையும் போடுகிற வயதானவர்கள் இவ்வளவு பேர் இருக்கும் நம் மலையில் அது உயிரோடு விளையாடுவதாகும். யார் கூப்பிட்டாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

2. பணம் கட்டுவதற்கு முன் ஒரு லேபில் உட்கார்ந்து பாருங்கள்

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். வணிகவியல் பிரிவில் படித்தவரையும் சேர்த்துக்கொள்வதாக ஒரு நிறுவனம் சொன்னால், அந்தப் பதிலே அதன் அங்கீகாரத்தைப் பற்றிப் போதுமானதைச் சொல்லிவிடுகிறது.

தகுதி ஒரு பக்கம் இருக்க, இந்த வேலை உங்கள் கைக்கும் கண்ணுக்கும் ஒத்துவருமா என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது. தெரிந்த பல் மருத்துவர் யாரிடமாவது கேட்டு, அவர் கேஸ் (ஒரு நோயாளிக்கான வேலையை அப்படித்தான் சொல்வோம்) அனுப்பும் லேபில் சில நாட்கள் உட்கார அனுமதி வாங்குங்கள். மெழுகுக் கத்தியை விளக்கில் காட்டி, சூட்டின் அளவு பார்த்து, ஒரு முன்பல்லை மெழுகில் நட்டு, அதன் விளிம்பைப் பக்கத்துப் பல்லோடு ஒப்பிட்டு அரை மில்லிமீட்டர் இறக்கி, மறுபடி உருக்கி, மறுபடி ஏற்றுவதை அருகிலிருந்து பாருங்கள். ஒருவர் அதை நாள் முழுவதும் குனிந்தபடி செய்கிறார். அதைப் பார்த்துச் சலிப்பு வராமல் நமக்கும் ஒன்று கொடுத்தால் தேவலையே என்று தோன்றினால் நீங்கள் வரலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே முடிவெடுங்கள். மாவுத் தூசி, உலோகத் தூசி, அக்ரிலிக் திரவத்தின் நெடி ஆகிய மூன்றும் இந்த வேலையில் தினமும் உண்டு.

3. கல்லூரியின் அங்கீகாரத்தை நீங்களே சரிபாருங்கள்

அதிகம் பேர் ஏமாறுவது இந்தக் கட்டத்தில்தான். என்னோடு பள்ளியில் படித்த ஒருவர், சமவெளியில் ஒரு தனியார் நிறுவனத்தில் பணம் கட்டி, டென்டல் டெக்னீஷியன் என்று அச்சிட்ட சான்றிதழோடு ஊர் திரும்பினார். அந்தப் படிப்புக்குப் பல் மருத்துவக் கவுன்சிலின் அங்கீகாரம் இல்லாததால் பதிவு கிடைக்கவில்லை. கை வேலையில் அவர் என்னைவிடக் கெட்டிக்காரர். ஆனாலும் அரசு வேலைக்கோ வெளிநாட்டு வேலைக்கோ இன்றுவரை அவரால் விண்ணப்பிக்க முடியவில்லை.

அங்கீகாரம் என்ற சொல்லைப் பல நிறுவனங்கள் பலவிதமாகப் பயன்படுத்துகின்றன. தொண்டு நிறுவனமாகப் பதிவு செய்திருப்பதும், ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தோடு தொலைதூரக் கல்விக்கு ஒப்பந்தம் வைத்திருப்பதும், தரச் சான்று வாங்கியிருப்பதும் உங்களுக்கு உதவாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்தக் கல்லூரியின் இந்த டிப்ளமோவை வைத்துத் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் டென்டல் மெக்கானிக்காகப் பதிவு செய்ய முடியுமா?

இந்தியப் பல் மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் டென்டல் மெக்கானிக் படிப்புக்கு அனுமதி பெற்ற கல்லூரிகளின் பட்டியல் தனியாக இருக்கும். பி.டி.எஸ். பட்டியலைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள், ஏனென்றால் பி.டி.எஸ். நடத்தும் எல்லாக் கல்லூரிகளும் இந்த டிப்ளமோவை நடத்துவதில்லை. 2023இல் நாடாளுமன்றம் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியிருப்பதால், நீங்கள் தேடும்போது கவுன்சில் என்ற பெயர் இருந்தாலும் ஆணையம் என்ற பெயர் இருந்தாலும் அதிகாரபூர்வப் பட்டியலையே பாருங்கள். பிறகு மாநிலக் கவுன்சிலுக்கு மின்னஞ்சலில் கல்லூரிப் பெயர், படிப்பின் பெயர், சேரும் ஆண்டு ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் கிடைக்கும் பதில் பின்னால் எதற்கும் உதவாது.

விசாரிப்பதைச் சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து தொடங்குங்கள். அரசு இடங்களுக்கான அறிவிப்பு எப்போது, எந்த வழியாக வரும் என்பதை அங்கேயே கேட்டு, மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு இணையதளத்தையும் மே மாதத்திலிருந்து வாரம் ஒருமுறை பார்த்துவாருங்கள். விண்ணப்பிக்க அவகாசம் குறைவாகவே தருவார்கள். தனியார் கல்லூரிகளில், நீலகிரிக்கு அருகில் என்று பார்த்தால் கோவை, நாமக்கல் மாவட்டங்களிலும், கொடைக்கானலுக்கு அருகில் என்றால் மதுரையிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. அவற்றில் எது அந்த ஆண்டில் டிப்ளமோ நடத்துகிறது என்பதைப் பட்டியலில் பார்த்துவிட்டுப் பேருந்து ஏறுங்கள்.

4. சான்றிதழ்களை ஏப்ரலுக்குள் கையில் வையுங்கள்

மதிப்பெண் பட்டியல்களும் மாற்றுச் சான்றிதழும் பள்ளியில் கிடைத்துவிடும். வருவாய்த் துறையில் வாங்க வேண்டியவைதாம் நேரத்தை இழுக்கும்: சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பிறப்பிடச் சான்றிதழ், பி.டி.எஸ். பக்கம் போகிறவர்களுக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ். இவை எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒரு விண்ணப்பத்துக்கு 60 ரூபாய்தான் கட்டணம். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேலே போகும். இ-சேவையில் பதிந்துவிட்டு வீட்டில் காத்திருக்காமல், விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரை நேரில் பார்த்து மூலப் பத்திரங்களைக் காட்டிவிடுங்கள். திருப்பி அனுப்பப்படும் விண்ணப்பங்களில் பல அந்த முதல் படியிலேயே நின்றுபோகின்றன.

பழங்குடியினருக்கான சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் தருவதில்லை, கோட்டாட்சியர் தருகிறார். நீலகிரியில் உதகை, குன்னூர், கூடலூர் ஆகிய மூன்று கோட்டங்கள் உள்ளன. நேரடி விசாரணை நடக்கும் என்பதால் இதற்குப் பல மாதங்கள்கூட ஆகலாம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் குடும்பத்துப் பிள்ளைகள் பதினோராம் வகுப்பிலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ ஏற்கெனவே சான்றிதழ் இருந்தால் அதன் நகலைக் கட்டாயம் இணையுங்கள்.

இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. பாட்டன் பெயர் தாயகம் திரும்பியபோது கொடுக்கப்பட்ட பழைய குடும்ப அட்டையில் ஒரு விதமாகவும், இப்போதைய ரேஷன் கார்டில் வேறு விதமாகவும் இருக்கும். ஒரு தோட்டத்து லைன் வீட்டிலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாறியதில் முகவரியும் பொருந்தாது. அந்தப் பழைய அட்டையைத் தயவுசெய்து தூக்கி எறிந்துவிடாதீர்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

எல்லாருக்கும் பொதுவான கண்ணி, பெயரின் தலைப்பெழுத்து. மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்து முன்னாலும், ஆதாரில் அப்பாவின் முழுப் பெயர் பின்னாலும் இருந்தால் சேர்க்கையின்போது எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். ஆனால் கவுன்சில் பதிவு, வங்கிக் கடன், பாஸ்போர்ட் என்று ஒவ்வோர் இடத்திலும் அதுவே மறுபடி வந்து நிற்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி ஆதாரைத் திருத்திக்கொண்டுவிடுங்கள்.

5. செலவைக் கல்விக் கட்டணத்தோடு நிறுத்திக் கணக்கிடாதீர்கள்

அரசு இடத்தில் கட்டணம் குறைவு. தனியாரில் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். எங்கே கேட்டாலும் கல்விக் கட்டணம், தேர்வுக் கட்டணம், திரும்பக் கிடைக்கும் முன்வைப்புத் தொகை, கருவித் தொகுப்பு, விடுதி, சாப்பாடு ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள், 2 ஆண்டுக்கும் சேர்த்து. முதல் ஆண்டுக் கட்டணத்தை மட்டும் சொல்லிச் சேர்த்துக்கொள்வது நடக்கிற ஒன்று.

மெழுகுக் கத்தி, செதுக்கும் கருவிகள், மாவு கலக்கும் ரப்பர் கிண்ணம், ஸ்பேட்டுலா (கலக்கும் தட்டைக் கரண்டி), ஆர்ட்டிகுலேட்டர் (மேல், கீழ்த் தாடை அச்சுகளைப் பொருத்தி அசைத்துப் பார்க்கும் கருவி) ஆகியவை உங்களுக்கென்று வேண்டும். மூத்த மாணவர்களிடம் பழையதாக வாங்கலாம். செதுக்கும் கருவிகளை மட்டும் புதிதாகவே வாங்குங்கள். முனை மழுங்கியவற்றில் பழகினால் கை கெட்டுப்போகும்.

அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், ஆண் பிள்ளைகளுக்கு 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. பட்டப்படிப்போடு டிப்ளமோவும் இவற்றில் அடங்கும். கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், சேர்ந்த முதல் மாதத்திலேயே அதற்குப் பொறுப்பான ஆசிரியரைக் கேட்டுவிடுங்கள். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை சொந்தப் பங்குத் தொகையோ சொத்து அடமானமோ கேட்பதில்லை. வங்கியும் முதலில் பார்ப்பது படிப்புக்கு அங்கீகாரம் உண்டா என்பதைத்தான். கடன் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், சில சமயம் அதுவே உங்களைக் காப்பாற்றும்.

6. படிக்கும் காலத்திலேயே முடிக்க வேண்டியவை

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை முதல் மாதத்தில் தொடங்குங்கள். மூன்று தவணை, முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறு மாதம் கழித்து மூன்றாவது. லேபுக்கு வரும் ஒவ்வோர் அளவிலும் எச்சிலும் சில சமயம் ரத்தமும் இருக்கும். கையுறை இல்லாமல் அதைத் தொடுகிற பழக்கத்தை யாரிடமிருந்தும் கற்றுக்கொள்ளாதீர்கள். உலோகம் தேய்க்கும்போது முகக்கவசமும் தூசி உறிஞ்சியும் கட்டாயம். நிக்கல் குரோம் கலவைகளில் சிலவற்றில் பெரிலியம் இருக்கும், அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

நீங்கள் செய்த ஒவ்வொரு வேலையையும் மெழுகு நிலையிலும் முடிந்த நிலையிலும் படம் எடுத்து வையுங்கள். வேலை கேட்கப் போகும்போது மதிப்பெண்ணைவிட அந்தப் படங்களைத்தான் லேப் முதலாளிகள் அதிக நேரம் பார்க்கிறார்கள்.

7. பதிவு

தேர்வு முடிவு வந்ததும் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் டென்டல் மெக்கானிக்காகப் பதிவு செய்யுங்கள். பதிவைக் காலாகாலத்தில் புதுப்பித்துவாருங்கள். டிப்ளமோ சான்றிதழ் கைக்கு வரத் தாமதமாகும் என்பதால், தற்காலிகச் சான்றிதழையும் பயிற்சி முடித்த சான்றையும் கல்லூரியை விட்டு வெளியேறும் நாளிலேயே வாங்கிவிடுங்கள். மலையிலிருந்து அதற்கென்று ஒரு முறை இறங்கி ஏறுவதற்கு ஒரு நாள் கூலி போய்விடும்.

8. முதல் வேலை

குறைந்தது சில ஆண்டுகள் சமவெளியில் பெரிய லேபில் வேலை செய்துவிட்டு மலைக்குத் திரும்புங்கள். பல் செட், உலோக வார்ப்பு, செராமிக், கணினி வடிவமைப்பு என்று பிரிவுகள் தனித்தனியாக இருக்கும் லேபில் சேர்ந்தால், ஒரே பிரிவில் தேங்கிவிடாமல் மாற்றிப் போடச் சொல்லிக் கேளுங்கள். மாவு ஊற்றவே ஒரு வருடம் வைத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. ஒவ்வொரு லேபை விட்டு வரும்போதும் நாள் குறிப்பிட்ட அனுபவச் சான்றைக் கடிதத்தாளில் வாங்குங்கள். அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புகளையும் இ.எஸ்.ஐ. அறிவிப்புகளையும் கவனித்துவாருங்கள்.

கணினி வடிவமைப்பை நம் பிள்ளைகள் கட்டாயம் கற்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். வாயை ஸ்கேன் செய்த கோப்பு இணையத்தில் வரும், கேப்பின் வடிவத்தைத் திரையில் அமைத்துத் திருப்பி அனுப்பிவிட்டால் சிர்க்கோனியா என்ற கெட்டியான வெள்ளைச் செராமிக்கைக் குடைவதும் சுடுவதும் கீழே நடக்கும். மலையை விட்டுப் போகாமல் செய்யக்கூடிய வேலை இது.

9. மலையில் லேப் வைக்கிறவர்களுக்கு

மலையில் லேப் தேவைப்படுவதற்கு அடிப்படைக் காரணம் ஆல்ஜினேட் என்னும் அளவெடுக்கும் பொருள். மருத்துவர் அதில் எடுக்கும் அளவு, நீரை இழந்து சுருங்கத் தொடங்குவதற்குள், அதாவது பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள், மாவு ஊற்றப்பட வேண்டும். அதைப் பேருந்தில் வைத்து மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பினால் வரும் பல் செட் யார் வாய்க்கும் பொருந்தாது. மெழுகில் பல் அடுக்கி, வாயில் வைத்துச் சரிபார்க்க அனுப்பும் ட்ரையலும் அப்படித்தான், குளிரில் இங்கிருந்து கிளம்பி அடிவாரத்து வெயிலில் இளகினால் பற்கள் இடம் மாறிவிடும். பக்கத்திலேயே லேப் இருந்தால் மருத்துவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

ஆனால் பாடப்புத்தகம் கடல் மட்டத்துக்கு எழுதப்பட்டது. அக்ரிலிக்கை வேகவைக்கும் முறைகளில் ஒன்று, 74 டிகிரி சூட்டில் சுமார் 2 மணி நேரம் வைத்து, கடைசியில் 100 டிகிரியில் 1 மணி நேரம் கொதிக்கவிடுவது. உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடு ஏறாது. கோத்தகிரியிலும் குன்னூரிலும் 94 டிகிரிக்குப் பக்கத்தில். கடிகாரத்தைப் பார்த்து இறக்கினால் வேகாத திரவம் அக்ரிலிக்குள் தங்கி, போடுகிறவரின் வாயில் எரிச்சல் தரும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தொட்டியில் 74 டிகிரியிலேயே 8 மணி நேரத்துக்குக் குறையாமல் வைக்கும் நீண்ட முறைதான் இங்கே நம்பகமானது. மாலையில் வைத்து, காலையில் தானாக ஆறிய பிறகு திறக்கலாம். அழுத்தத்தில் வேகவைக்கும் கருவி வாங்க முடிந்தால் இன்னும் நல்லது.

குளிரில் அக்ரிலிக் பிசையும் பதத்துக்கு வரவும், பிளாஸ்டர் மாவு இறுகவும் அதிக நேரம் எடுக்கும். அவசரப்பட்டுத் திறந்தால் விளிம்பு உடையும். திறந்து வைத்த மாவு மூட்டை மழைக்காலத்தில் ஈரம் இழுத்துக் கெட்டுவிடும் என்பதால் சிறிய மூட்டையாக வாங்கி, மூடியுள்ள டப்பாவில் கொட்டி வையுங்கள். செராமிக் உலை வாங்கினால் ஸ்டெபிலைசரும் மாற்று மின்சாரமும் சேர்த்தே விலை போடுங்கள். சுடும் நடுவில் மின்சாரம் போனால் அந்தக் கேஸ் வீண்.

உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு) இலவசம், ஆதாரும் பான் கார்டும் போதும். அதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகர்களைத் தவிருங்கள். நகராட்சி அல்லது பேரூராட்சியில் தொழில் உரிமம் வாங்குங்கள். எரிவாயு அடுப்புக்கு வணிகச் சிலிண்டர்தான் வைக்க வேண்டும். கடனுக்கு மாவட்டத் தொழில் மையத்தில் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள், பிரிவையும் இடத்தையும் பொறுத்து 15 முதல் 35 சதவீதம் வரை மானியம் உண்டு. கடன் அனுமதிக்கப்படுவதற்கு முன்பே இயந்திரம் வாங்கிவிட்டால் மானியத்தில் அதைக் காட்ட முடியாமல் போகலாம், பொறுத்திருங்கள்.

மருத்துவர்களிடம் வேலை வாங்கும்போது, நோயாளியின் வயது, பல்லின் நிறம், தேவைப்படும் நாள் ஆகியவை உள்ள சீட்டு இல்லாமல் எந்தக் கேஸையும் ஏற்காதீர்கள். அளவு தவறியதால் மறுபடி செய்ய வேண்டியிருந்தால் செலவு யாருடையது, லேபில் தவறினால் யாருடையது என்பதை முதல் கேஸுக்கு முன்பே பேசி எழுதி வையுங்கள். மாவு அச்சுகளை எண் போட்டுச் சில மாதங்களாவது பாதுகாத்து வைத்திருந்தால் அந்தப் பேச்சு சண்டையாக மாறாது. தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், பந்தலூர் பக்கமும், வடகிழக்குப் பருவமழையில் குன்னூர் மலைப்பாதையும் மண்சரிவால் அடைபடுவதுண்டு. ஆகையால் அந்த மாதங்களில், கீழிருந்து உலோகமோ சிர்க்கோனியாவோ வர வேண்டிய கேஸ்களுக்கு, வழக்கமாகச் சொல்லும் நாளைவிட இரண்டு நாள் கூட்டியே சொல்லுங்கள்.